கெசட் பெட்டியைத் திறக்குமுன்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மச்சான்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். மாரி பிந்தித்தான் விட்டது, சுவரெல்லாம் இன்னும் ஈரம். உம்மாவை விசாரித்ததாகச் சொல்லு.

வாப்பாவின் அலுமாரிக்குள் நாற்பது கெசட், பழைய ஒலிநாடா, அகப்பட்டதென்று எழுதியிருக்கிறாய். 1990 இடப்பெயர்வுக்கும் 2004 சுனாமிக் கடலுக்கும் தப்பின கெசட் நம்ம பக்கத்தில் சொற்பம். எண்பதுகளின் ஞாபகம் என்று ஆளாளுக்கு கெசட் படம் போட்ட சட்டை விற்கிறார்கள், உண்மையான கெசட்டோ குப்பை வண்டியில் போகிறது. ஆகவே, இதை வாசித்து முடிக்கும்வரை ஒன்றையும் எந்த ரேப் ரெக்கோடரிலும் போட்டுப் பார்க்காதே.

முதலில் தரம் பிரி. பாதிக்கு மேல் சினிமாப் பாட்டாகத்தான் இருக்கும், ரெக்கோடிங் பாரில், பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடையில், வெறுங் கெசட்டும் பாட்டு லிஸ்டும் கொடுத்து அடிப்பித்தவை. அவற்றுக்கு மினக்கெடாதே. அதே பாட்டுகள் இன்று இதைவிடச் சுத்தமாகக் கிடைக்கின்றன. உள்ளட்டையில் எழுதின லிஸ்ட்டை மட்டும் படம் எடுத்து வை. பாட்டு எல்லாருக்கும் பொது, எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்ற தெரிவுதான் வாப்பாவுடையது.

றேடியோவில் இருந்து நேரே பிடித்தவை வேறு. அன்றைக்கு அறிவிப்பாளர் குரல் விழாமல் பாட்டை மட்டும் பிடிப்பதுதான் கெட்டித்தனம், இன்றைக்குப் பெறுமதி தலைகீழ். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தில் கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் பேசினது, இடையில் போன சவர்க்கார விளம்பரம், பிறந்தநாள் வாழ்த்தில் வாசித்த ஊர்ப் பெயர்கள்: இவையெல்லாம் யாரோ விரல் பிந்தினதால் கெசட்டில் தங்கினவை. பாட்டு பாதியில் அறுந்த கெசட்டை முதல் வரிசையில் வை.

அதற்கும் முன் வரிசை ஒன்று உண்டு. சவூதிக்கும் குவைத்துக்கும் போனவர்களோடு போக்குவரத்தாக இருந்த குரல் கடிதங்கள். மேலட்டையில் ஒன்றும் எழுதியிருக்காது, அல்லது ஒரு பெயர் மட்டும் இருக்கும். ஒரே கெசட் போய்வந்து போய்வந்து, பழைய பேச்சுக்கு மேலே புதுப் பேச்சு ஏறியிருக்கும். புதுப் பேச்சு சுருக்கமாக முடிந்திருந்தால் அதற்குப் பின்னால் பழையதன் வால் அழியாமல் கிடக்கும். அதனால் பேச்சு நின்றுவிட்டதென்று நிறுத்தாதே, நாடா முடியும்வரை ஓடவிடு. கலியாண வீட்டில் பிடித்தது, பொல்லடிக் கோலாட்டப் பாட்டு, கூத்து, கண்ணகி அம்மன் கோயில் குளுத்திச் சடங்குப் பாட்டு எல்லாமும் இந்த வரிசைதான். வேறெங்கும் பிரதி இராது.

பிரித்த கையோடு ஒவ்வொரு கெசட்டிலும் அழிப்புத் தடைக் காதை, அந்தச் சின்னப் பிளாஸ்டிக் துண்டை, உடை. பிறகு மேலே பதிய ஏலாது. லேபல் உன்னைப் பார்க்க, நாடா தெரியும் வாய் கீழே இருக்கப் பிடித்தால், மேலே இடப்பக்கம் உள்ள காது அந்தப் பக்கத்துக்குரியது. திருப்பிப் பிடித்து மற்றதையும் உடை. ஏற்கெனவே உடைத்து செலோடேப் ஒட்டியிருந்தால் ஒட்டை உரி. பழைய ரேப்பில் பிளே கட்டைக்குப் பக்கத்திலேயே ரெக்கோட் கட்டை இருக்கும், ஒரு தவறான அழுத்தம் போதும்.

இனி பூஞ்சணம். கெசட்டின் கண்ணாடிச் சன்னலால் நாடாச் சுருளின் விளிம்பைச் சாய்த்துப் பார். கபில நிறம் வழுவழுவென்று ஒரே சீராக இருந்தால் நல்லது. வெள்ளைத் தூளோ, சிலந்தி நூல் மாதிரியோ தெரிந்தால் அதைத் தனியே எடு. அப்படியே ஓட்டினால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாடா அறுந்துபோகும். அந்தத் தூள் ரேப்பில் நாடாவை வாசிக்கிற ஹெட்டிலும் ரப்பர் உருளையிலும் ஏறி அடுத்த கெசட்டுக்கும் தொற்றும். காற்றுப் புகாத பிஸ்கட் பேணியில் பத்துக் கெசட்டை சிலிக்கா ஜெல் 100 கிராமோடு இரண்டு கிழமை மூடி வை. அரிசிக்குள் புதைக்கச் சொல்லுவார்கள், வேண்டாம், தவிட்டுத் தூள் உள்ளே போகும். வெயிலில் காயவைப்பதும் கூடாது, கூடு நெளிந்தால் உருளை இறுகிவிடும். காய்ந்த பிறகு முகமூடி போட்டுக்கொண்டு வளவுக்குள் வைத்துத் துடை. நூல் விடாத உலர்ந்த துணியை வாய்ப்பக்கம் நாடாவில் மெல்லத் தொடவைத்து, ஆறு மூலைப் பென்சிலை அச்சில் செருகிக் கையால் சுற்று. ஒரு சுற்றுப் போதாது, போக ஒருதரம், வர ஒருதரம். இந்த வேலையை மாரியில் தொடங்கிப் பிரயோசனமில்லை. வரண்ட கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில், மத்தியானத்துக்குப் பிறகு செய்.

கூட்டைக் கழற்றவேண்டி வருவது மூன்று காரணத்தால். நாடாவை ஹெட்டோடு அழுத்துகிற பஞ்சுத் துண்டு பசை காய்ந்து விழுந்திருக்கும் (ஒலி மங்கி ஏறி இறங்கினால் அதுதான்), அச்சில் இருந்து நாடா கழன்றிருக்கும், அல்லது கூடு நெளிந்திருக்கும். ஐந்து ஸ்குரூ உள்ள கூடு லேசு. ஒட்டிய கூட்டைப் பொருத்து வழியே பிளேட் வைத்து நெம்பவேண்டும், அது திரும்பப் பொருந்தாது. அதனால் ஸ்குரூ வைத்த சினிமாப் பாட்டுக் கெசட் ஒன்றைப் பலிகொடுத்து அதன் கூட்டை எடுத்துக்கொள்.

விளிம்பு உயர்ந்த தட்டில் வெள்ளைத் துணி விரித்து, ஏ பக்கம் மேலே இருக்க வைத்து, மேற்பாதியை நேரே மேலே தூக்கு. சாய்த்துத் தூக்கினால் மூலையில் உள்ள இரண்டு சின்ன உருளையும் அவற்றின் கம்பி அச்சும் தெறித்துப் போகும், மறுகா சீமெந்துத் தரையெல்லாம் தவழவேண்டியதுதான். தூக்கினதும் கைத்தொலைபேசியில் படம் எடு. நாடா போகிற பாதை இது: இடச்சுருள், இட மூலை உருளை, வாய் வழியே பஞ்சுக்கு முன்னால், வல மூலை உருளை, வலச்சுருள். மேலும் கீழும் வழுக்குத் தாள் ஒவ்வொன்று இருக்கும், அதை மறந்தால் சுருள் கூட்டோடு உரசிக் கீச்சிடும். மங்கலான கபிலப் பக்கம் வெளியே ஹெட்டைப் பார்க்கவேண்டும், பளபளப்பான முதுகு உள்ளே. புரண்டு போனால் சத்தம் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி மங்கிக் கேட்கும். மூடின பிறகு ஐந்து ஸ்குரூவையும் பாதி பாதியாக மாறி மாறி முறுக்கு, கடைசிவரை இறுக்காதே.

அறுந்த நாடாவை ஒட்ட, இரண்டு முனையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து பிளேட்டால் ஒரே வெட்டாக வெட்டு. முட்டுமுட்டாகச் சேர்த்து, ஒட்டை முதுகுப் பக்கம் மட்டும் ஒரு சென்ரிமீற்றர் நீளத்துக்குப் போடு. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீற்றர், ஒட்டு அதைவிட ஒரு மயிரளவும் வெளியே நிற்கக்கூடாது. நாடா ஒட்டுவதற்கென்று செய்த ஒட்டுத்தான் சரி. சாதாரண செலோடேப் நம்ம வெக்கைக்குப் பசை கசிந்து அடுத்த சுருளையும் பிடிக்கும். வேறு வழியில்லையென்றால் ஒட்டின அன்றைக்கே ஓட்டிப் பிரதி எடுத்துவிடு.

இயந்திரம். யூஎஸ்பி வைத்த சின்ன பிளாஸ்டிக் பிளேயர் மலிவாக விற்கிறார்கள், வாங்காதே. சுழற்சி ஆடும், இரைச்சல் அதிகம். வாப்பாவின் நேஷனல் பனசொனிக் ரேப் இருந்தால் அதைத்தான் திருத்து. உள்ளே சுழற்றுகிற ரப்பர் பெல்ட் கட்டாயம் போயிருக்கும். ரேப் நாடாவைத் தின்னுகிறது என்பதற்குப் பெரும்பாலும் காரணம் அதுதான். ரப்பர் உருளையும் உருக்குத் தண்டும் நாடாவை முன்னே தள்ளிக்கொண்டே இருக்கும், பெல்ட் தளர்ந்ததால் சுற்றி எடுக்கிற அச்சு நிற்கும், தள்ளின நாடா உள்ளே குவியும். பழைய பெல்ட் தார் மாதிரி உருகியிருந்தால் ஐசோப்ரோப்பைல் அல்ககோலால் துடை, உடுப்பில் பட்டால் போகாது. ஹெட்டையும் உருக்குத் தண்டையும் அதே அல்ககோலால் துடை, ரப்பர் உருளைக்கு மட்டும் சவர்க்காரத் தண்ணியில் நனைத்துப் பிழிந்த துணி. கொரோனா காலத்துக் கை துடைக்கிற ஜெல் மிச்சமிருந்தால் அதைப் பாவிக்காதே, கிளிசரின் படிந்துவிடும்.

துடைத்த பிறகும் சத்தம் மந்தமாக இருந்தால் அது ஹெட்டின் சாய்வு. பிடித்த ரேப்பின் ஹெட்டும் ஓட்டுகிற ரேப்பின் ஹெட்டும் ஒரே கோணத்தில் நிற்கவில்லையென்றால் உச்ச ஸ்தாயி ஒலி போய்விடும். ஹெட்டின் பக்கத்தில் சுருள் வில் வைத்த சின்ன ஸ்குரூ இருக்கும். அது முதலில் நின்ற இடத்தை நகப்பூச்சால் குறித்து வை. கெசட் ஓடும்போது இரண்டு சனலையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டுக்கொண்டு, கால் சுற்றுக்குள்ளே மெல்லத் திருப்பு. ‘ஸ’ ஓசையும் சல்லரியும் எங்கே கூர்மையாக வருகிறதோ அங்கே நிறுத்து. ஒரே ரேப்பில் பிடித்த கெசட் எல்லாவற்றுக்கும் ஒரே சாய்வுதான், அவற்றை அடுக்காக ஓட்டினால் வேலை குறையும்.

வேகம் இன்னொரு தொல்லை. பற்றரி இறங்குகிற நேரம் பிடித்த கெசட்டில் மோட்டர் மெதுவாக ஓடியிருக்கும், இன்றைக்குச் சரியான வேகத்தில் ஓட்டினால் பெரியவர் குரலும் பிள்ளைக் குரலாகக் கேட்கும். இடையில் சினிமாப் பாட்டு ஒன்று முழுதாக விழுந்திருந்தால் கணக்கு லேசு. அசலில் 4 நிமிடம் 20 வினாடி ஓடுகிற பாட்டு கெசட்டில் சரியாக 4 நிமிடத்தில் முடிந்தால், 240ஐ 260ஆல் பிரி, 0.923 வரும். கொம்பியூட்டரில் ஒடாசிட்டி மென்பொருளில் வேகத்தை அந்த அளவுக்குக் குறை. பாட்டில்லாவிட்டாலும், கரண்டில் பிடித்ததென்றால் ஒரு வழி உண்டு. நம்ம கரண்ட் 50 ஹேர்ட்ஸ். பதிவில் விழுந்த உறுமல் 54இல் தெரிந்தால் அந்த விகிதத்துக்கு வேகம் கூடி ஓடுகிறது என்று அர்த்தம். சரியாக 50இல் நிற்கிற உறுமல் உன் ரேப்புடையதாகவும் இருக்கும், அதைக் கணக்கில் எடுக்காதே. ஜெனரேட்டரில் பிடித்ததற்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. பற்றரி கடைசியை நோக்கி இறங்கிக்கொண்டே போனதென்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு திருத்தம் வேண்டிவரும், அதற்குப் பொறுமைதான் வேணும்.

கொம்பியூட்டரில் ஏற்றுவது லேசான பகுதி. ரேப்பின் லைன் அவுட்டில் இருந்து கொம்பியூட்டரின் லைன் இன்னுக்கு வயர். லைன் அவுட் இல்லாவிட்டால் ஹெட்போன் துளையில், வொலியூம் பாதியில். பதிவின் தரம் 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற், ஒலி உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல். இதற்கு மேலே போவது வீண், மத்திய அலை றேடியோவில் பிடித்ததில் 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே ஒண்டுமில்லை. ஒரு பக்கம் 30 நிமிடம் ஏறக்குறைய 520 எம்பி. நாற்பதும் சி-60 (இரு பக்கமும் சேர்த்து 60 நிமிடம்) என்றாலும் 64 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் அடங்கும், இரண்டு வாங்கி ஒன்றை வேறு வீட்டில் வை. சி-90 கெசட்டின் நாடா மெல்லிசு, வேகமாக முன்னோட்டாதே.

இரைச்சல் நீக்குகிறேன் என்று மூலப் பதிவில் கைவைக்காதே. சின்ன ரேப்புகளில் ஒலியளவு தானாக ஏறி இறங்கும், பேச்சு நின்றதும் பின்னாலுள்ள சத்தம் மேலே வரும். அந்த இடைவெளியில்தான் சேவல், தண்ணி மோட்டர், அடுத்த வீட்டுக் குரல் எல்லாம் இருக்கிறது. நீக்கினால் அதுவும் போய்விடும். சுத்தப்படுத்த ஆசையென்றால் ஒரு பிரதியில் செய்.

நாலு வீடியோ கெசட்டும் கிடக்கென்று எழுதியிருந்தாய். பூஞ்சணம் பார்ப்பது இதே மாதிரித்தான். ஆனால் ஹெட் நல்லதாக உள்ள டெக் அகப்படும்வரை அவற்றை நிறுத்தி வை, படுக்கவைக்காதே.

இப்போதைக்கு ஒரு வேலை செய். ரேப்பின் பின்பக்கத் தகட்டில் மொடல் இலக்கம் இருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்பு. பழைய பெல்ட் முழுதாக இருந்தால் நூலால் சுற்றளவு அளந்து, தடிப்பையும் எழுது. புதுசு அதைவிட ஐந்து வீதம் சிறிதாக எடுக்கவேண்டும். அடுத்த கிழமை கல்முனைக்கு வருகிற வேலை இருக்கு, பெல்ட்டையும் அல்ககோலையும் கையோடு கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்