அப்பத்தா படத்தைப் பற்றி

அன்பு மகளுக்கு,

நீ ஊருக்கு வந்திருந்தபோது எடுத்த படங்களை மாப்பிள்ளை அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்பத்தா திண்ணையில் வெற்றிலை இடிக்கிற படத்தில் சாயங்கால வெளிச்சம் அருமையாக விழுந்திருக்கிறது. ஆனால் அது அப்பத்தா முகமாகவே இல்லையம்மா. மூக்கு பெருத்து, காது ரெண்டும் பின்னால் பதுங்கிக் கிடக்கிறது.

ஜூமை 18 எம்எம்மில், அதாவது காட்சி அகலமாக விழுகிற பக்கத்தில் வைத்துக்கொண்டு முகத்துக்குக் கிட்டத்தில் போயிருக்கிறாய். கோளாறு லென்ஸில் இல்லை, நீ நின்ற தூரத்தில். ஒன்றரை அடியில் நின்றால், காதைவிட மூக்கு கேமராவுக்கு ரொம்ப நெருக்கம். அதனால்தான் அது அவ்வளவு பெரிதாக விழுகிறது. ஆறேழு அடி தள்ளி நின்றால் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அப்படித் தள்ளி நின்றும் முகம் படம் நிறைய வரணும் என்பதற்குத்தான் 50, 85 எம்எம் லென்ஸ் எல்லாம். உன் கேமராவில் இருப்பது ஏபிஎஸ்-சி சென்சார், அதாவது பழைய ஃபிலிம் அளவைவிடச் சின்னது. அதில் 50 எம்எம் கிட்டத்தட்ட 75 மாதிரி காட்டும்; முகத்துக்கு அது போதும். எங்கே நிற்பது என்று முதலில் முடிவு பண்ணு, லென்ஸை அப்புறம் எடு. 18-ஐக் கோயில் பிரகாரத்துக்கு வைத்துக்கொள்.

50-ல் எடுத்த இன்னொரு படத்தில் எஃப் 1.8 வைத்திருக்கிறாய், அதாவது லென்ஸின் துவாரத்தை (அப்பர்ச்சர்) அகலமாகத் திறந்திருக்கிறாய். பின்னணி பஞ்சாகக் கரைந்தது உனக்குப் பிடித்திருக்கும். ஆனால் ஒரு கண் தெளிவு, மறு கண் மங்கல். ஒரு மீட்டர் தூரத்தில் அந்த அப்பர்ச்சரில் தெளிவாக விழுகிற ஆழம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவுதான். லேசாகத் திரும்பிய முகம் அதற்குள் அடங்காது. துவாரத்தைச் சுருக்கி எஃப் 4 வைத்தால் கிட்டத்தட்ட ஆறு சென்டிமீட்டர் கிடைக்கும், ரெண்டு கண்ணும் தப்பிக்கும். பின்னணி மங்கணும் என்றால் அப்பத்தாவைச் சுவரை விட்டு நன்றாகத் தள்ளி உட்கார வை. சுவரில் சாய்ந்திருப்பவருக்கு 1.8 வைத்தாலும் சுவர் பெரிதாக மங்காது.

1.8-லிருந்து 4-க்குப் போனால் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். ஷட்டர் வேகம் (அது திறந்திருக்கும் நேரம்) 1/250 நொடியிலிருந்து 1/50 நொடிக்கு இறங்கிவிடும். அதற்குப் பயப்படாதே. முழங்கையைத் தூணில் ஊன்றிக்கொண்டு எடு. இடிக்கிற கை கொஞ்சம் அசைந்து, முகம் அசையாமல் நின்றால், எனக்கு அதுதான் நல்ல படம். எல்லாவற்றையும் உறைய வைத்தால் அங்கே வேலை நடப்பதே தெரியாது.

பேரன் விஷயம் வேறு. அவன் ஓடுகிற ஓட்டத்துக்கு 1/500-க்குக் கீழே இறங்காதே. கனடாக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் அவ்வளவு வெளிச்சம் இருக்காது; ஐஎஸ்ஓவை, அதாவது குறைந்த வெளிச்சத்திலும் படத்தைப் பிரகாசமாக்குகிற அளவை, 3200-க்கு ஏற்று. புள்ளி தட்டினால் தட்டட்டும், ஆடிப்போன படத்தை யாராலும் சரிபண்ண முடியாது. ராத்திரி விளக்கில் எடுக்கும்போது படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் 1/60 அல்லது 1/120 வை. உங்கள் ஊர் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நிறைய விளக்குகள் நொடிக்கு 120 தடவை துடிக்கும். இங்கே 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/50, 1/100. ஆனால் அந்த வேகத்தில் அவன் ஓடினால் படம் ஆடும், உட்கார்ந்து சாப்பிடும்போது எடு.

பகலில் அவனை ஜன்னல் ஓரமாக உட்கார வைத்து, எஃப் 4-ல் ஒரு படம் எடுத்து அனுப்பு. எட்டுக்குப் பன்னிரண்டில் பிரிண்ட் போட்டு அப்பத்தா அறையில் மாட்டணும்.

அன்புடன்,
அப்பா