அடுப்பு வேணாம்னா பச்சை மாவா?

ஆசிரியர் சார், வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல குழந்தைங்க பக்கத்துல ‘அடுப்பே இல்லாத பண்டிகை இனிப்பு’ன்னு நாலு ரெசிபி போட்டிருந்தீங்கல்ல, எங்க வீட்டு வாண்டுங்க ரெண்டும் அதை வெட்டி ஃப்ரிட்ஜ் கதவுலயே ஒட்டிட்டாங்க, அந்தளவுக்கு ஹிட். அதுக்கு மொதல்ல தேங்க்ஸ். ஆனா மூணாவது ரெசிபியப் படிச்சதும் எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. ஒரு கப் மைதா, வெண்ணெய், சர்க்கரை, சாக்லேட் சிப்ஸ் எல்லாத்தையும் பிசைஞ்சு உருண்டை புடிச்சு அப்படியே சாப்பிடலாமாம், நெருப்பு இல்லாததால குழந்தைங்களே தனியா செய்யலாமாம்.

சார், பச்சை முட்டைன்னா எல்லாரும் உஷாராயிடுறோம், பச்சை மைதான்னா மட்டும் யாருக்கும் ஒண்ணும் தோண மாட்டேங்குது. பவுடர் மாதிரி காஞ்சு கிடக்கா, சுத்தம்னு நினைச்சுக்கறோம். வயல்ல வெளைஞ்ச கோதுமைய அரைச்சதுதானே அது, கிருமி சாகற அளவுக்கு அதை நடுவுல யாரும் சூடு பண்றதில்ல, ஈ.கோலை, சால்மோனெல்லா எல்லாம் அதுல இருக்க வாய்ப்பிருக்கு, நாம வேக வைக்கும்போதுதான் சாகும். 2016ல அமெரிக்காவுல மாவு மூலமா ஈ.கோலை பரவி 60 பேருக்கு மேல படுத்தாங்க. வறுத்துட்டுப் போட்டா என்னன்னு கேப்பீங்க, நானும் அப்படித்தான் நினைச்சேன், ஆனா வீட்டுல வறுத்தா எல்லா கிருமியும் போயிடும்னு நம்ப முடியாது, பண்ணாதீங்கன்னுதான் அந்த நாட்டுல உணவு, மருந்தெல்லாம் கண்காணிக்கற அரசு அமைப்பான எஃப்டிஏவே சொல்லுது.

இத்தனைக்கும் மாத்தறது ரொம்ப ஈஸி. மைதாவுக்குப் பதிலா பிஸ்கட் தூள், அது ஏற்கனவே வெந்ததுதானே. நாங்க லீவுல அதத்தான் செஞ்சோம். 200 கிராம் சாதா பிஸ்கட்ட ஒரு கெட்டி ஜிப் கவர்ல போட்டு காத்த வெளிய தள்ளிட்டு மூடி சின்னவ கையில சப்பாத்திக் கட்டைய குடுத்துட்டேன், 4 வயசு, அவ அடிச்ச அடியில பக்கத்து வீட்டுலருந்து என்ன சத்தம்னு எட்டிப் பாத்துட்டுப் போனாங்க. அதுல மூணு ஸ்பூன் கோகோ பவுடர், அப்புறம் 400 கிராம் கண்டென்ஸ்டு மில்க் டின்ல பாதி, மொத்தமா ஊத்தாம கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி பிசையணும், உள்ளங்கையில உருட்டினா விரியாம நிக்கணும், அதான் பதம். தேங்காய்த்தூள்ல பொரட்டி ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜ், அவ்ளோதான்.

அடுத்தது அந்த ‘தனியா செய்யலாம்’. முதல் ரெசிபியிலயே சாக்லேட்ட உருக்கிக்கணும்னு இருக்கு, உருக்கறதுன்னா சுடுதண்ணிக்கு மேல கிண்ணம் வைக்கணும், இல்ல மைக்ரோவேவ் போடணும், ரெண்டுலயும் கிண்ணம் கை பொத்துப் போற அளவுக்கு சுடும். ஓவன் வேணாம்ங்கறது வேற, சூடே கிடையாதுங்கறது வேற சார். அந்த ஒரு வேலைய பெரியவங்க செய்யட்டும்னு ஒரு வரி போட்டிருக்கலாம்ல.

உருக்கற கதையில இன்னொண்ணும் சொல்லிடறேன். 9 வயசு பெரியவன் அப்பதான் கழுவின ஈர ஸ்பூன அப்படியே உருகின சாக்லேட்ல விட்டுட்டான், அரை ஸ்பூன் தண்ணி கூட இருக்காது, பளபளன்னு இருந்த சாக்லேட் கண்ணு முன்னாடியே சொரசொரன்னு சேறு மாதிரி இறுகிடுச்சு, அவன் மூஞ்சி அதுக்கு மேல இறுகிடுச்சு. தூக்கிப் போட வேணாம்டான்னு சொல்லி வெதுவெதுப்பான பால ஒவ்வொரு ஸ்பூனா விட்டு கலக்கச் சொன்னேன், தண்ணி கொஞ்சமா பட்டாதான் கட்டி கட்டுது, இன்னும் கொஞ்சம் சேத்தா திரும்ப இளகிடும். ஆனா அது சாஸ்தான், ஆறினாலும் பழையபடி மொறுக்குன்னு உடையாது, உருண்டை மேல ஊத்திக்க ஆச்சு. வெறும் தண்ணியால ஏன் இறுகுதுன்னு அன்னிக்கு பூரா கேட்டுட்டே இருந்தான், சர்க்கரையும் கோகோவும் அந்த ஈரத்த புடிச்சுட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குதுடான்னு சொன்னேன். கையில ஏன் உருகுதுன்னு அடுத்த கேள்வி. சாக்லேட்ல இருக்க கோகோ பட்டர் 34 டிகிரி கிட்டயே உருகிடும், நம்ம உடம்பு 37. சின்னவ உருண்டை புடிக்கறேன்னு முழங்கை வரைக்கும் பூசிக்கிட்டு நின்னதுக்கும் காரணம் அதான், கைய குளிர்ந்த தண்ணியில நனைச்சு நல்லா தொடச்சுட்டு உருட்டச் சொன்னதுக்கப்புறம் கொஞ்சம் பரவால்ல.

நாலாவது ரெசிபியில முழு பாதாம உருண்டைக்குள்ள ஒளிச்சு வைக்கச் சொல்லியிருக்கீங்க, சர்ப்ரைஸாம். 5 வயசுக்குக் கீழ இருக்க பிள்ளைங்களுக்கு முழு பருப்பு தொண்டையில அடைச்சுக்கும் சார், பொடிச்சு போடச் சொல்லுங்க. சொந்தக்காரங்க வீட்டுக்குக் குடுத்து விடும்போது உள்ள பருப்பு இருக்குன்னு வாயத் தொறந்து சொல்லவும் சொல்லுங்க, அலர்ஜி இருக்க பிள்ளைக்கு அந்த சர்ப்ரைஸ் வேணவே வேணாம். தேன் போடற ரெசிபி வந்தா ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு ஆகாதுன்னும் சேத்துக்கோங்க.

குறை சொல்லணும்னு எழுதல, அந்தப் பக்கத்த நிறுத்திடாதீங்க. பண்டிகை இன்னும் வரல, அதுக்குள்ள மைதாவ எடுத்துட்டு பிஸ்கட் தூள்னு அதே பக்கத்துல குழந்தைங்க கண்ணுல படற மாதிரி ஒரு திருத்தம் போட்ருங்க. எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கறதுல பெரியவனே மைதாவ சிவப்பு பேனாவால அடிச்சு வெச்சிருக்கான், மத்த வீட்டுல அப்படியேதான் ஒட்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஞாயித்துக்கிழமை பேப்பர பிள்ளைங்க கிட்டருந்து புடுங்கிப் படிக்கற ஒரு வாசகி