நீலகிரி கூடலூரிலிருந்து ஒரு கடிதம்

அன்புத் தோழி,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவர்களின் நரம்பியல் வருடத்துக்கு வந்துவிட்டாய் என்று படித்ததில் அவ்வளவு சந்தோஷம். அமெரிக்காவில் இரண்டு வருடம் குழந்தை மருத்துவம், ஒரு வருடம் இது, அப்புறம் இரண்டு வருடம் சைல்ட் நியூராலஜி (குழந்தைகளின் நரம்பியல்) என்று ஐந்தே வருடத்தில் முடிகிறது; நீ ஏன் மூன்று வருடம் குழந்தை மருத்துவத்தில் எம்.டி., அதற்கு மேல் மூன்று வருடம் சைல்ட் நியூராலஜியில் டி.எம். என்று இங்கேயே இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறாய். இங்கே வலிப்போடு வரும் குழந்தைக்குச் சத்துக்குறைவும் இருக்கும், நெஞ்சில் சளியும் இருக்கும். எல்லாவற்றையும் நான்தான் பார்த்தாக வேண்டும். எம்.டி. படித்த மூன்று வருடமும் எனக்குத் தேவைப்பட்டது.

இந்தத் துறைக்கு என்னை இழுத்தது ஒரு ஆறு மாதக் குழந்தை. தூங்கி எழுந்ததும் தலை முன்னால் கவிழும், இரண்டு கையும் விரியும், உடனே சரியாகிவிடும். சில விநாடியில் மறுபடியும். இப்படியே வரிசையாக வரும். 'தூக்கிப் போடுது, உரம் விழுந்திருக்கு' என்று பாட்டி உரம் எடுக்கக் கொண்டுபோயிருக்கிறார். அம்மா செல்போனில் எடுத்து வைத்திருந்த வீடியோவைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது: கைக்குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பு நோய், வெஸ்ட் சிண்ட்ரோம். 1841-ல் வெஸ்ட் என்ற டாக்டர், தன் மகனுக்கே வந்த இந்த வலிப்பை விவரித்து லான்செட் இதழுக்குக் கடிதம் எழுதினாரே, அதேதான். அவர் ரத்தம் உறிஞ்ச அட்டைப்பூச்சி விட்டுப் பார்த்தார், அபின் கொடுத்துப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. நம்மிடம் ஏ.சி.டி.எச்., பிரெட்னிசலோன், விகாபட்ரின் என்று மருந்துகள் இருக்கின்றன. சீக்கிரம் ஆரம்பித்தால் வளர்ச்சியைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். ஆனால் நோயை உறுதிசெய்ய மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எங்கள் ஆஸ்பத்திரியில் இல்லை. ஆடி மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து கிடக்க, அந்தத் தாய் கோவைக்குப் போய்ச் சேர்வதற்குள் பல நாள் போய்விட்டது. அந்த நாட்களை என்னால் மறக்க முடியவில்லை.

இங்கே அரிவாள் செல் சோகையும் இருக்கிறது; ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய். இந்தியாவில் அதை முதன்முதலில் 1952-ல் கண்டறிந்ததே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். அந்த நோயுள்ள குழந்தைக்குப் பக்கவாதம் வரலாம். நெற்றிப்பொட்டில் வைத்துப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் விநாடிக்கு 200 செ.மீ. வேகத்தைத் தொட்டால் ஆபத்து. ரத்தம் ஏற்றி அந்தப் பக்கவாதத்தைத் தடுக்கலாம் என்று 1998-லேயே நிரூபித்துவிட்டார்கள். அந்த டாப்ளரை என் கையாலேயே பார்க்கக் கற்றுக்கொண்டு இங்கே திரும்பி வர வேண்டும்.

வீட்டில் நியோநேட்டாலஜி (பச்சிளம் குழந்தை மருத்துவம்) எடு, வேலை உடனே கிடைக்கும் என்கிறார்கள். அதுவும் நிஜம்தான். மனம் போகவில்லை.

டி.எம். இடங்களுக்கான நீட் எஸ்.எஸ். தேர்வின் கவுன்சலிங் வரப் போகிறது. கூட எழுதியவர்கள் கல்லூரியின் பெயரைப் பார்க்கிறார்கள். நான் அங்கங்கே இப்போது டி.எம். படித்துக்கொண்டிருப்பவர்களைத் தேடிப் பிடித்துப் பேசுகிறேன். இ.இ.ஜி.யை நீங்களே படித்து ரிப்போர்ட் எழுதுகிறீர்களா, ஒரே குழந்தையை மூன்று வருடமும் தொடர்ந்து பார்க்க விடுகிறார்களா, பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் அங்கேயே நடக்கின்றனவா என்று கேட்கிறேன். இதற்கெல்லாம் ஆமாம் என்று வருகிற இடத்தைத்தான் முதலில் போடுவேன், அது எந்த ஊராக இருந்தாலும் சரி.

பெரியவர்களைப் பார்க்கும் இந்த வருடம் குழந்தைகளிடம் திரும்பும்போது உண்மையிலேயே கைகொடுக்குமா? எங்கள் டி.எம்.மில் அதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள் என்பதையும் விசாரிக்க வேண்டும். உனக்குத் தோன்றுவதை அப்படியே எழுது. சாய்ஸ் போடுவதற்கு முன் உன் பதில் வந்தால் நல்லது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்