அட்டையின் மூலையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய அமெரிக்க காமிக்ஸ் இதழ்களை முதலீடாக வாங்கிச் சேர்ப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, 2024-இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போன ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழைக் காட்டிவிட்டு, பழையது என்றாலே விலை ஏறும் என்ற எண்ணத்தில் வாசகரை விட்டுவிடுகிறது. அதை நம்பி யாரும் பணத்தைப் போட்டுவிடக் கூடாது.

வயதுக்கும் விலைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. 1991-இல் வந்த ‘எக்ஸ்-மென்’ முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் கடைகளுக்குப் போனது. வாங்கியவர்கள் பெரும்பாலும் உறையில் போட்டுப் பூட்டி வைத்தார்கள். இன்றும் சில டாலருக்குக் கிடைக்கிறது. 1993-இல் வந்த ‘பேட்மேன் அட்வென்ச்சர்ஸ்’ 12-ஆம் இதழ், தொலைக்காட்சி கார்ட்டூனை ஒட்டிச் சிறுவர்களுக்காக வெளியானது. படித்துக் கசக்கிப் போட்டார்கள். பேட்மேன் கதைகளின் வில்லி ஹார்லி குவின் காமிக்ஸில் முதலில் தலைகாட்டியது அதில்தான். கசங்காத பிரதிக்கு இன்று பல நூறு டாலர் கொடுக்க வேண்டும்.

கட்டுரை சொல்வதுபோல், ஒரு பாத்திரம் முதன்முதலில் வரும் ‘முதல் தோற்றம்’ இதழ்களைத் தேடி இனிப் பெரிய பலன் இல்லை. அந்தப் பட்டியல் எல்லோர் கைப்பேசியிலும் இருக்கிறது. விற்பவர் கவனிக்காமல் விடுவது பாத்திரத்தை அல்ல, பதிப்பை. 1983-இல் வந்த ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 238-ஆம் இதழை எடுத்துக்கொள்ளுங்கள். வில்லன் ஹாப்காப்ளின் அறிமுகமாகும் இதழ் என்பது ஊரறிந்த செய்தி. அட்டையில் விலையையும் கீழ் மூலைக் கட்டத்தையும் பார்க்க வேண்டும். கட்டத்தில் ஸ்பைடர்மேன் முகம் இருந்தால் காமிக்ஸ் கடைகளுக்குப் போன டைரக்ட் பிரதி. பார்கோடும் 60 சென்ட் விலையும் இருந்தால் அமெரிக்கப் பத்திரிகைக் கடைப் பிரதி. பார்கோடுடன் 75 சென்ட் என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அது கனடாவுக்கு அச்சான பிரதி. எண்ணிக்கையில் மிகக் குறைவு. 1982 முதல் 1986 வரை, இதை வெளியிட்ட மார்வெல் நிறுவனம் கனடாவுக்கு இப்படித் தனி விலையுடன் அச்சிட்டது. டைரக்ட் பிரதிகளில் இரு நாட்டு விலைகளும் சேர்ந்தே இருக்கும் என்பதால், 75 என்ற எண்ணைக் கண்டதும் ஏமாந்துவிடக் கூடாது.

பார்கோடு இருந்தாலே அரிது என்று கூடுதல் விலை கேட்பவர்களும் உண்டு. எண்பதுகளின் தொடக்கத்து இதழ்களுக்கு அது பொருந்தாது. அப்போது பெரும்பகுதி விற்பனை பத்திரிகைக் கடைகளில்தான். தொண்ணூறுகளின் பிற்பகுதிக்குப் பிறகுதான் அந்தப் பிரதிகள் அருகின. அந்தக் காலத்தில் இருவகையிலும் பார்கோடு உண்டு. ‘டைரக்ட் எடிஷன்’ என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். மறுபதிப்பு என்று ஒதுக்குவதும் தவறு. 2013-இன் ‘கேப்டன் மார்வெல்’ 17-ஆம் இதழின் இரண்டாம் அச்சில்தான் கமலா கான் என்ற பாத்திரம் அட்டைக்கு வந்தாள். முதல் அச்சைவிட அதற்கே விலை அதிகம்.

பதிப்பு சரியாக இருந்தும் பணம் போவது, உள்ளே புரட்டாமல் வாங்குவதால். மேற்சொன்ன 238-ஆம் இதழுடன் தோலில் ஒட்டும் ‘டாட்டூ’ தாள் ஒன்று வந்தது. அது இல்லையென்றால் இதழ் முழுமையற்றதாகவே மதிப்பிடப்படும். 1974-இன் ‘இன்க்ரெடிபிள் ஹல்க்’ 181, வோல்வரின் என்ற நாயகன் முழுமையாக வரும் முதல் இதழ். வாசகர் கடிதப் பக்கத்தில் வெட்டி எடுக்கச் சொல்லி ஒரு முத்திரை அச்சிட்டிருந்தார்கள். பிள்ளைகள் வெட்டியும் எடுத்தார்கள். அந்தச் சின்னச் சதுரம் இல்லாத பிரதிக்கு மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே பக்கங்களை எண்ணுங்கள். நடுத்தாள் இரண்டு ஸ்டேப்ளர் பின்களிலும் நிற்கிறதா, பின்னைச் சுற்றித் துரு பரவியிருக்கிறதா என்று பாருங்கள். அட்டையின் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், உரிந்த இடத்தில் மார்க்கர் பேனாவால் பூசிய மை ஊறித் தெரியும். அப்படித் தொட்ட இதழுக்குத் தரச்சான்று நிறுவனமான சிஜிசி, செப்பனிடப்பட்டது என்று காட்டும் ஊதா நிறச் சீட்டு ஒட்டும், விலை சரியும். பின் அடித்த ஓரமான முதுகில் விழுந்த மடிப்பு நிறத்தை உடைக்கவில்லை என்றால் சூடும் அழுத்தமும் கொடுத்து நீக்கலாம். உள்ளிருக்கும் வெள்ளைத் தாள் தெரியத் தொடங்கிவிட்டால் எந்த அழுத்தமும் உதவாது.

லாபக் கணக்கையும் கட்டுரை தொடவில்லை. 40 டாலருக்கு ஒரு இதழ் வாங்கி, தரச்சான்றுக்கும் தபாலுக்கும் 50 டாலர் செலவிட்டதாக வைத்துக்கொள்வோம். பத்துக்கு 9.8 தரம் கிடைத்து 150 டாலருக்கு விற்றால், 13 சதவீதத் தரகும் அனுப்பும் செலவு 15 டாலரும் போக மிஞ்சுவது 25 டாலர் அளவில்தான். 9.6 வந்து விலை பாதியானால் 40 டாலர் நஷ்டம். அந்த 0.2 வித்தியாசத்துக்கு முதுகில் இரண்டு மெல்லிய கீற்றுகள் போதும். பாத்திரம் திரைப்படத்தில் வரும் என்று நம்பி வாங்கியிருந்தால், படம் அறிவிக்கப்படும்போதே விற்றுவிட வேண்டும். திரைக்கு வரும் வாரத்தில் எல்லோரும் விற்க வருவார்கள்.

பாதுகாப்புக்கு பிவிசி உறை ஆகாது. பாலிபுரொப்பிலீன் அல்லது மைலார் உறை, அமிலமற்ற அட்டை, பெட்டியில் செங்குத்தாக நிறுத்துவது, ஈரமும் வெயிலும் படாத இடம் இவை போதும். உறையை மூடும் டேப்பில் இதழ் ஒட்டிக் கிழிவது அடிக்கடி நடக்கிறது. எனவே இதழை எடுக்கும் முன் டேப்பை முழுவதும் பிரித்துவிட வேண்டும்.

கட்டுரையில் தரப்பட்ட விலைகள் பலவும் விற்பவர்கள் கேட்கும் விலைகள். அடுத்த முறை இதுபற்றி எழுதும்போது, விற்று முடிந்த விலையையும் அந்தப் பிரதியின் தர எண்ணையும் பக்கத்தில் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காமிக்ஸ் சேகரிக்கும் வாசகர்