மெக்ரிட்சிக் காட்டுப்பாதையில் என்னை ஓட வைத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றிக் காட்டுக்குள் செல்லும் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் பாதையை அண்மையில் ஒரு சனிக்கிழமைக் காலையில் முழுமையாக ஓடி முடித்தேன். சிங்கப்பூரில் வார இறுதிதோறும் எத்தனையோ பேர் ஓடும் பாதைதான் அது. ஆனால் விழித்திரை நோயால் பார்வையைப் படிப்படியாக இழந்து, இப்போது வெளிச்சத்தையும் இருளையும் தவிர வேறெதையும் பிரித்தறிய இயலாத எனக்கு, அந்தப் பாதையைத் திறந்துவிட்டவர்கள் பலர். அவர்களில் சிலருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது என்பதால், இந்த நன்றி மடலை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதல் நன்றி, என்னுடன் ஓடும் தொண்டூழியர்களுக்கு. தார்ச்சாலையில் ஓடுவதென்றால், இருவர் கையிலும் ஒரு சிறு கயிற்றின் இரு முனைகள் இருந்தால் பெரும்பாலும் போதும். காட்டுப்பாதையில் அது போதாது. பாதை ஒடுங்கும் இடத்தில் பக்கவாட்டில் ஓட முடியாது. வழிகாட்டி முன்னே செல்ல, அவருடைய முதுகுப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட வேண்டும். அப்போது அவர் தன் கால்களுக்காக ஒரு முறையும், ஓரடி பின்னால் வரும் என் கால்களுக்காக ஒரு முறையும் அதே தரையைப் பார்த்தாக வேண்டும். வேர் தட்டிய பிறகு "வேர்" என்று சொல்லிப் பயனில்லை; அதிக முன்னதாகச் சொன்னாலும் கால் தவறான இடத்தில் தூக்கிவிடும். இரண்டு எட்டுக்கு முன் சொல்ல வேண்டும். அந்த அளவு அவர்களுக்குப் பழகியிருக்கிறது. பணி ஓய்வு பெற்ற சீன ஆசிரியர் ஒருவர் "வேர்", "படி", "குனி", "சேறு" என்ற நான்கு சொற்களையும் என்னிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். மூச்சு வாங்கும் வேளையில் தாய்மொழிச் சொல்லுக்குத்தான் உடம்பு விரைவாகக் கீழ்ப்படிகிறது என்பது அவருடைய கருத்து. மலாய் இளைஞர் ஒருவர் "அக்கா, படி மூணு" என்று எண்ணிக்கையையும் சேர்த்தே சொல்கிறார்.

பள்ளி நாள்களில், கண் தெரிந்த காலத்தில், நானும் இங்கே ஓடியிருக்கிறேன். பல பத்தாண்டுகளாகப் பள்ளிகளின் கிராஸ் கண்ட்ரி போட்டிகள் மெக்ரிட்சியில்தான் நடந்தன என்பதால், என் தலைமுறையினர் பலருக்கும் இந்த மண் காலில் ஒட்டியிருக்கும். மீண்டும் ஓட விரும்பி ஒரு காட்டு ஓட்டப் பந்தயத்திற்குப் பெயர் கொடுத்தபோது, பாதுகாப்பைக் காரணம் காட்டி ஏற்பாட்டாளர்கள் மறுத்துவிட்டார்கள். அன்று மாலையே என் குழுவினர் தொலைபேசியில் அழைத்து, பந்தயம் இல்லாவிட்டால் என்ன, பாதை இருக்கிறதே என்றார்கள். பகுதி பகுதியாகப் பழகத் தொடங்கியது அதன் பிறகுதான்.

லோர்னி பாதையின் செம்மண் சரளை சமமானது. இடப்பக்கம் லோர்னி சாலையின் வாகன இரைச்சலும் வலப்பக்கம் நீர்ப்பரப்பின் திறந்த காற்றும் இருப்பதால், யாரும் சொல்லாமலே திசை தெரியும். கோல்ஃப் திடலை ஒட்டிய பலகைப்பாதையில் காலடியோசை வெற்றுப் பெட்டியைத் தட்டியதுபோல் மாறும். மழை பெய்த மறுநாள் அதன்மேல் படியும் பாசிதான் அங்கே பெரிய ஆபத்து. காட்டைப் பார்வையிட அமைத்த ஜெலுத்தோங் கோபுரத்தைக் கடந்து சைம் பாதைக்கு வந்தால் ஏற்றமும் இறக்கமுமாக இருக்கும், ஆனால் அகலமானது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாக ஓடலாம். வனக்காவலர் நிலையத்தில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு மெக்ரிட்சி இயற்கைப் பாதைக்குள் இறங்கிய பிறகுதான் உண்மையான சோதனை. அங்கே வேர்களும் கற்களும் விடாமல் வரும். நாங்கள் அந்தப் பகுதியில் ஓடியதைவிட விரைந்து நடந்ததே அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்ததாக, பாதையைப் பேணுகிறவர்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் அலுவலர்களும் வனக்காவலர்களும் செய்யும் வேலையின் பயன், கண்ணுள்ளவர்களைவிட என்னைப் போன்றவர்களுக்குத்தான் உடனே தெரியும். சாய்ந்த கிளை அகற்றப்பட்டிருக்கும். கரைந்துபோன படி புதிதாகக் கட்டப்பட்டிருக்கும். இந்தப் பாதைகளில் மிதிவண்டிக்கு அனுமதியில்லை என்ற விதி, பின்னாலிருந்து ஓசையின்றி வரும் சக்கரத்துக்கு அஞ்சாமல் ஓடும் நிம்மதியை எனக்குத் தருகிறது. குரங்குகளுக்கு உணவிடுவது சட்டப்படி குற்றம் என்பதும் அப்படியே: உணவுக்கும் மனிதக் கைக்கும் தொடர்பைக் கற்றுக்கொண்ட நீண்டவால் குரங்கு, பையைப் பறிக்க வருகையில் பார்வையற்றவள் என்று விலகிச் செல்வதில்லை.

இவர்களோடு, பெயர் கேட்டுக்கொள்ள வாய்க்காத ஓர் ஊழியருக்கும் என் நன்றி சேர வேண்டும். ஒரு நாள் காலையில் பலகைகளை மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்த இடத்தை நாங்கள் நெருங்கியபோது, துளையிடும் கருவியின் சத்தம் சட்டென்று நின்றது. "பாத்து வாங்கம்மா, இங்க ரெண்டு பலகை எடுத்துருக்கோம்" என்று ஒரு குரல் கேட்டது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு. நான் தமிழ்ப்பெண் என்பதை என் முகத்தைப் பார்த்து ஊகித்திருப்பார். கையுறையைக் கழற்றிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்து, திறந்திருந்த இடைவெளியின் விளிம்பை என் காலணி நுனியால் தொட்டுப் பார்க்கச் செய்து, அதன் பிறகே என்னைத் தாண்ட வைத்தார். இடைவெளியின் அகலத்தை நானே அறிந்துகொள்ளச் செய்த அந்த அறிவு, பயிற்சி வகுப்பில் கற்றதாக இருக்காது. தம்பி, நீங்கள் ஊர் திரும்பியிருந்தாலும் எவர் வழியாகவாவது இந்த வரிகள் உங்களிடம் வந்து சேரட்டும்.

இந்தக் காடு இன்று இங்கே இருப்பதற்கும் நன்றிக்குரியவர்கள் உண்டு. நகருக்குக் குடிநீர் கொண்டுவர 1857-ல் 13,000 டாலர் கொடுத்த வணிகர் டான் கிம் செங்கில் தொடங்குகிறது இதன் கதை. 1868-ல் உருவான நீர்த்தேக்கத்தைப் பின்னர் விரிவுபடுத்திய நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சியின் பெயர் 1922-ல் இதற்குச் சூட்டப்பட்டது. தோல் பதனிட உதவும் கேம்பியர் செடி, மிளகு ஆகியவற்றின் தோட்டங்களுக்காகத் தீவின் காடுகள் பெரும்பாலும் வெட்டப்பட்ட பிறகும், நீர்ப்பிடிப்புக்கு மரங்கள் வேண்டும் என்பதால் இந்தப் பகுதி காக்கப்பட்டது. தண்ணீருக்காகக் காத்த காடு ஓடுகிறவர்களுக்கும் பயன்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரை எதிர்த்துப் போராடி, மலாயாவின் பத்து காஜா சிறையில் உயிர்நீத்த லிம் போ செங்கின் உடல் 1946-ல் நல்லடக்கம் செய்யப்பட்டதும் இந்த நீர்த்தேக்கத்தின் அருகில்தான். என் வழிகாட்டி ஒருவர் ஓட்டத்திற்கு முன் அங்கே சற்று நிற்பதை வழக்கமாக வைத்திருக்கிறார்.

அண்மைக் கால நன்றி இயற்கை ஆர்வலர்களுக்கு. குறுக்குத் தீவு ரயில் பாதை இக்காட்டினூடே செல்லும் என்று 2013-ல் அறிவிக்கப்பட்டபோது, சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தினரும் மற்றவர்களும் காட்டின் உயிர்களைப் பற்றி அறிக்கைகள் எழுதினார்கள். பொதுமக்களை இலவசமாகக் காட்டுக்குள் அழைத்துச் சென்று காட்டினார்கள். காட்டைச் சுற்றிச் செல்லும் வழியே நல்லது என்பது என் விருப்பமாக இருந்தது. 2019-ல் காட்டுக்கு அடியில், ஏறத்தாழ 70 மீட்டர் ஆழத்தில் செல்லும் வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆயினும் ரயில் பாதைக்காகக் காட்டில் தோண்டப்படவிருந்த மண்ணாய்வுத் துளைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைக்கப்பட்டதில் அவர்களுடைய பொறுமையான உழைப்புக்குப் பங்குண்டு என்று நம்புகிறேன். அத்தகைய நடை ஒன்றில்தான் துடுப்புவால் கரிச்சானின் குரலை அடையாளம் காணக் கற்றேன். பிற பறவைகளின் குரலையும் எடுத்துப் பாடும் அந்தப் பறவை பாதையில் என்னை இன்னும் ஏமாற்றிக்கொண்டுதான் இருக்கிறது, அதில் எனக்கு மகிழ்ச்சியே.

விடிந்தும் விடியாத வேளையில் நான் கிளம்பும்போதெல்லாம் மறுப்பேதும் சொல்லாமல், ஓடிவிட்டு வந்து சாப்பிட இட்லி அவித்து வைக்கும் என் மாமியாருக்கும், சேற்றுக் காலணிகளைக் கழுவித் தரும் என் மகனுக்கும் வீட்டிலேயே நன்றி சொல்லிவிட்டேன்.

கடைசியாக, எதிரில் ஓடிவந்த முகம் தெரியாத அனைவருக்கும். எங்களைக் கண்டதும் ஒதுங்கி வழிவிடுகிறீர்கள். உங்களுக்கு மிக்க நன்றி. சிலர் மட்டும் ஒதுங்கும்போதே "வலப்பக்கம் நிற்கிறேன்" என்று குரல் கொடுக்கிறார்கள். மௌனமாக நிற்பவர் இருப்பது எனக்குத் தெரியாது, குரல் கொடுப்பவர் எங்கே நிற்கிறார் என்று உடனே தெரிந்துவிடும். இனி எங்களைப் போன்ற இணையரைப் பார்த்தால் நீங்களும் அப்படிக் குரல் கொடுக்க வேண்டுகிறேன், எந்த மொழியானாலும் சரி.

நன்றியுடன்,
மெக்ரிட்சியில் ஓடும் உங்கள் சகோதரி