அப்பிச்சியின் வயதும் வலுவும்

கோபி

கண்ணு,

"அப்பிச்சிக்கு இன்னும் எத்தனை மாசம்மா?" என்று நேற்று ஃபோனில் கேட்டாய். என் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் பேச முடியவில்லை. உன் மாமா வேறு, எழுபத்தெட்டு வயதில் புற்றுநோய்க்குக் கீமோ எதற்கு என்கிறார்.

கோவையில் டாக்டர் ஸ்கேனைப் பார்த்ததைவிட அப்பிச்சியைப் பார்த்த நேரம்தான் அதிகம். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் குறித்தார். தன் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். எடை எவ்வளவு இறங்கியது, எத்தனை மாத்திரை, எங்காவது விழுந்தாரா, ஞாபகம் எப்படி, அம்மிச்சி போனபின் மனசு எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரே வயது, ஒரே நோய் என்றாலும் ஒருவர் மருந்தைத் தாங்குவார், இன்னொருவர் முதல் தவணையிலேயே படுத்துவிடுவாராம். அந்தியூர்ச் சந்தையில் அப்பிச்சி பல்லை மட்டும் பார்த்தா மாடு பிடித்தார்? நடக்கவிட்டுப் பார்த்த பிறகுதானே விலையே பேசுவார்.

அமெரிக்காவில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன, புற்றுநோய் முற்றிய 718 பேரிடம் செய்த ஆய்வு 2021இல் லான்செட் மருத்துவ இதழில் வந்திருக்கிறது. இப்படிச் சோதித்து அதன் விவரத்தை டாக்டர்களிடம் கொடுத்தபோது, கடுமையான பக்கவிளைவு வந்தவர்கள் 51 சதவீதம். கொடுக்காத இடங்களில் 71. முதலிலேயே பலருக்கு மருந்தைக் குறைத்துத்தான் ஆரம்பித்தார்கள், அதனால் ஆயுசு ஒன்றும் குறையவில்லை. மாமாவுக்கு இதைப் படித்துக் காட்டப் போகிறேன்.

அப்பிச்சியின் நடை நன்றாக இருக்கிறது. ஆடியிலிருந்து ஐந்து கிலோ இறங்கியதுதான் டாக்டருக்குக் கவலை. முதலில் உடம்பைத் தேற்றுவோம், பிறகு குறைந்த அளவில் ஆரம்பிப்போம், எப்படித் தாங்குகிறார் என்று பார்க்காமல் மாசக் கணக்குச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். தேவையில்லாத இரண்டு மாத்திரையை நிறுத்தினார். தினமும் முட்டை, பயிறு கொடுக்கிறேன். சாயங்காலம் வாய்க்கால்வரை நடக்கிறார்.

உங்களுக்கு என்ன வேணுமுங்க என்று அவரையே கேட்டார் டாக்டர். "மஞ்ச வெட்டற வரைக்கும் நான் எந்திருச்சு நடக்கோணும். படுத்த படுக்கையா மட்டும் வெச்சுராதீங்க சாமி" என்றார். அதை அப்படியே சீட்டில் எழுதிக்கொண்டார்கள். எனக்கு அந்த டாக்டர்மேல் அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

முதல் தவணை கார்த்திகையில். லீவை அதற்கே போடு. கீமோ போட்டபின் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரி என்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டுமாம். இருட்டில் கார் ஓட்ட உன் அப்பாவுக்கு இப்போது கண் சரியில்லை.

அம்மா