கடைசி ‘நீ’க்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

இந்த மடலை முதலில் ஆஃப்ரிகான்ஸில்தான் எழுதினேன். டச்சிலிருந்து கிளைத்த தென்னாப்பிரிக்க மொழி அது. படித்துப் பிழை திருத்திக் கொடுத்த பக்கத்து வீட்டு டன்னி, “இதை உன் பாஷையிலும் எழுது. உன் அம்மாவுக்கு எங்களைத் தெரிய வேண்டாமா?” என்றார். அதனால் இது.

ஆஃப்ரிகான்ஸுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே விதிகளை வைத்து மொழிபெயர்க்கும் மென்பொருள் ஒன்றை ஆறு வருடமாகச் செய்துகொண்டிருந்தேன். போன மாதம்தான் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டேன். செய்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. ஆனால் விதிக் கோப்பைத் திறந்தால், முக்கால்வாசி வரிகள் யாரோ ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்ததால் எழுதப்பட்டவை. சிரித்தவர்களுக்குத்தான் இந்த நன்றி.

கேப் டவுனுக்கு வேலைக்கு வந்தேன். வாடகை கட்டுப்படியாகாமல் பார்ல் ஊரில் ஒரு வீட்டின் பின்னறையில் தங்கினேன். 1875இல் ‘இது டச்சு இல்லை, தனி மொழி’ என்று சொல்லிச் சங்கம் வைத்தவர்கள் கூடிய ஊர் அது. மலைமேல் மொழிக்கென்று ஒரு நினைவுச் சின்னமே நிற்கிறது. அந்த மொழி அரசாங்க மொழியாக இன்னும் ஐம்பது வருடம், 1925 வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. இதெல்லாம் தெரியாமல்தான் வந்தேன். கடையில் ரொட்டி கேட்க நாலு வார்த்தை வேண்டுமே என்று கற்க ஆரம்பித்தேன், அவ்வளவுதான்.

அப்புறம் பக்கத்து வீட்டு டன்னி. டன்னி என்றால் அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாமும்தான். இங்கே வயதில் மூத்த பெண் யாராக இருந்தாலும் டன்னி, ஆண் என்றால் ஊம். இவர் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் ஆஃப்ரிகான்ஸ் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். நான் ஒரு நாள் தட்டுத் தடுமாறி, படித்த இலக்கணப்படி மரியாதையான முன்னிலைச் சொல்லைப் போட்டு, ‘நீங்கள் காப்பி குடிக்கிறீர்களா?’ என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கியது. “நான் என்ன வங்கி மேனேஜரா? ‘டன்னிக்குக் காப்பி வேண்டுமா’ என்று கேள்” என்றார். எதிரில் இருப்பவரிடமே அவரைப் படர்க்கையில் வைத்துக் கேட்பது. ‘அத்தைக்குக் காப்பி போடட்டுமா’ என்று கேட்டு வளர்ந்த எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. என் மென்பொருளுக்குப் பிடிபடவில்லை. யாரோ ஒரு அத்தைக்குக் காப்பி வேண்டுமாம் என்று ஆங்கிலத்தில் பெயர்த்தது. கேள்வி வாக்கியத்தில், எழுவாய் இடத்தில், பெயர் ஒட்டாமல் டன்னியோ ஊமோ வந்தால் ஆங்கிலத்தில் ‘யூ’ போடு என்று ஒரு விதி எழுதினேன். பத்தில் எட்டு முறை சரியாக வருகிறது. அந்த எட்டும் டன்னியின் கணக்கில்.

இந்த வேலையெல்லாம் சும்மா ஆகவில்லை. அடித்தளம் அபெர்டியம் என்ற கட்டற்ற மென்பொருள். ஸ்பெயினில் அலிகாந்தே பல்கலைக்கழகத்தில் பிறந்து 2005இல் வெளிவந்தது. ஸ்பானியம், கட்டலான் மாதிரி அக்கம்பக்கத்து மொழிகளுக்காக முதலில் செய்தார்கள். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு அகராதி, இரண்டையும் இணைக்க ஒரு அகராதி, நடுவில் சொற்களை இடம் மாற்றும் விதிகள். எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புகள்தான், நோட்பேடில்கூடத் திறக்கலாம். தெரியாத சொல் வந்தால் அதன் தலையில் ஒரு நட்சத்திரத்தைப் போட்டு அப்படியே விட்டுவிடும். ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லத் தெரிந்த மென்பொருள். எனக்கு அதனாலேயே பிடித்துப்போனது. அந்தக் குழுவின் அரட்டை அறையில் நடு ராத்திரியில் நான் கேட்ட அசட்டுக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்ன, முகம் தெரியாத அத்தனை பேருக்கும் நன்றி.

நட்சத்திரம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘என் கை வெந்நீரில் இருக்கிறது’ என்ற வாக்கியத்தை ஆஃப்ரிகான்ஸில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். உச்சரிப்பு மட்டும்தான் வேறு. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று நட்சத்திரத்தை அணைத்துவிட்டு, அந்த வாக்கியத்தைப் போட்டு, “பார், சுத்தமாக மொழிபெயர்த்துவிட்டது!” என்று அலுவலக நண்பருக்குக் காட்டினேன். அவர் நட்சத்திரத்தைத் திரும்பப் போடச் சொன்னார். போட்டால் ஒவ்வொரு சொல்லின் தலையிலும் ஒன்று. அன்றைக்கு என் அகராதியில் ஒரு சொல்கூட ஏறியிருக்கவில்லை! அந்த நண்பர் பிறகு தலைப்பெழுத்து, புள்ளி, எண் என்று யாரும் தொட விரும்பாத வேலைகளையெல்லாம் தனி ஆளாகச் செய்தார்.

சரி, தலைப்பில் இருக்கும் ‘நீ’க்கு வருகிறேன்.

ஆஃப்ரிகான்ஸில் ‘இல்லை’ என்பதற்கு வரும் சொல் நம் காதில் ‘நீ’ என்றே விழும். அது பெரும்பாலும் இரண்டு முறை வரும். நடுவில் ஒன்று, வாக்கியம் முடியும் இடத்தில் இன்னொன்று. ‘நான் ஆஃப்ரிகான்ஸ் பேசமாட்டேன்’ என்பதற்கு, ‘எக் பிராட் நீ ஆஃப்ரிகான்ஸ் நீ’. ஆங்கிலத்தில் ஒரு ‘நாட்’ போதும். ரொம்ப சுலபம் என்று நினைத்து, வாக்கியக் கடைசியில் ‘நீ’ இருந்தால் வெட்டு என்று விதி எழுதிவிட்டுத் தூங்கப் போனேன். மறுநாள் டன்னி தட்டச்சு செய்த முதல் வாக்கியம் ‘எக் வீட் நீ’. எனக்குத் தெரியாது என்று அர்த்தம். இந்த மாதிரிச் சின்ன வாக்கியத்தில் இரண்டு ‘நீ’யும் ஒரே இடத்தில் வந்து விழுவதால் ஒன்றுதான் நிற்கும். என் விதி அந்த ஒன்றையும் வெட்டியது. திரையில் ‘ஐ நோ’ என்று வந்தது. தெரியாது என்றால் தெரியும் என்கிறது! டன்னி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “என் பழைய மாணவர்கள் சிலர் இப்படித்தான்” என்றார்.

‘யாரும்’, ‘ஒன்றும்’, ‘ஒருபோதும்’ என்ற எதிர்மறைச் சொற்கள் வந்தாலும் கடைசி ‘நீ’ வந்து நிற்கும் என்பதால், அதையும் சேர்த்து விதியைத் திருத்தினேன். சரியாகிவிட்டது என்றுதான் இருந்தேன். மருத்துவமனையில் இரவுப் பணி செய்யும் ஒரு செவிலியர் என் சோதனைக் குழுவில் இருந்தார். அதிகாலை மூன்று மணிக்குக் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினார். அவர் கொடுத்த வாக்கியம் ‘அவருக்கு உடம்பு சரியில்லை என்று எனக்குத் தெரியாது’. கடைசி ‘நீ’ உள்வாக்கியத்தையும் தாண்டி ஆகக் கடைசியில் வருகிறது. என் மென்பொருள் அதை உள்வாக்கியத்தோடு ஒட்டிவிட்டு, ‘அவருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியாது’ என்று ஆங்கிலத்தில் தந்திருந்தது. படத்தின் கீழே அவர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: “இதை எங்கள் வார்டுக்குக் கொண்டுவந்துவிடாதே.”

இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். விடை கடைசியில் டன்னியின் சமையலறையில்தான் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. இங்கே பல வீடுகளில் அன்றைக்குக் கூசிஸ்டர் உண்டு. மசாலா மணக்கும் உருண்டையைப் பொரித்து, சர்க்கரைப் பாகில் போட்டு, தேங்காய்த் துருவலில் புரட்டி எடுப்பார்கள். பாகுக் கரண்டியோடு நின்றபடி அவர் சொன்னார்: “முதல் ‘நீ’ கதவைத் திறக்கிறது. கடைசி ‘நீ’ கதவைச் சாத்துகிறது. நடுவில் எத்தனை பேர் உள்ளே வந்தால் உனக்கென்ன?” அடைப்புக்குறி! திறந்த அடைப்புக்குறி ஒன்று பாக்கி இருந்தால் கடைசி ‘நீ’ வெறும் மூடும் குறி, அர்த்தம் கிடையாது, விட்டுவிடலாம். பாக்கி எதுவும் இல்லையென்றால் அதுதான் உண்மையான ‘இல்லை’. விரலெல்லாம் பாகோடு மடிக்கணினியைத் திறந்தேன். அன்று ஒட்டிய ‘என்’ விசை இன்றைக்கும் கொஞ்சம் அழுத்தித் தட்டினால்தான் விழும்.

‘சை’ என்ற சொல்லுக்காக ஒரு மாணவிக்கு நன்றி. ‘சை’ என்றால் அவள், ‘சை’ என்றால் அவனுடைய. ‘சை ஹெட் சை புக் கெலீஸ்’ என்றால் ‘அவள் அவனுடைய புத்தகத்தைப் படித்தாள்’. பட்டுத் துணிக்கும், இடப்பக்கம் வலப்பக்கம் என்கிறோமே அந்தப் பக்கத்துக்கும் அதே எழுத்துகள்தான். ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழக நூலகம் சதுக்கத்துக்கு அடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. அங்கே உட்கார்ந்து அவர் ஒரே மதியத்தில், அடுத்து வினைச்சொல் வந்தால் அவள், பெயர்ச்சொல் வந்தால் அவனுடைய என்று தொடங்கிப் பதினான்கு விதி எழுதிக் கொடுத்தார். நான் அதற்கு முன்பு மூன்று மாதம் செலவழித்து நாற்பது எழுதியிருந்தேன். நாற்பதையும் அழித்தேன்.

ஒரு பிழைதிருத்துநருக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஆங்கிலத்து ‘எ’வுக்குச் சமமான சொல் ஆஃப்ரிகான்ஸில் மேற்கோள்குறி போட்டு ஒரு ‘என்’, அவ்வளவே. வேர்ட் மாதிரி மென்பொருள்கள் அந்தக் குறியைத் தானாக எதிர்ப்பக்கம் திருப்பிவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, என் அகராதிக்கோ அது வேறு சொல். பாதி வாக்கியங்கள் ஏன் நட்சத்திரமாகப் பூக்கின்றன என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது அவர்தான் திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். இதை ஒரே எழுத்தாகவே யூனிகோடில் வைத்திருக்கிறார்கள், கூடவே பயன்படுத்த வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். தமிழ் எழுத்துரு ரகளைகளில் வளர்ந்தவன் நான். எனக்கே இது தோன்றாமல் போனதில் கொஞ்சம் வெட்கம்தான்.

சொற்பட்டியல்களுக்காகப் பாட்செஃப்ஸ்ட்ரூமில் இருக்கும் வடமேற்குப் பல்கலைக்கழகத்தின் மொழித் தொழில்நுட்பப் பிரிவுக்கு நன்றி. அரசு நிதியில் ஆங்கிலத்திலிருந்து ஆஃப்ரிகான்ஸ், ஜூலு, செபேடி மொழிகளுக்கு இயந்திர மொழிபெயர்ப்பு செய்தவர்கள் அவர்கள். திட்டத்தின் பெயர் அவுட்சுமாட்டோ. பதினேழாம் நூற்றாண்டில் கேப் முனையில் வெள்ளைக்காரர்களுக்கும் அங்கத்திய பூர்வகுடிகளான கோயி மக்களுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக இருந்து, டச்சுக்காரர்களால் ராபன் தீவில் அடைக்கப்பட்டவரின் பெயர். இன்னொரு அமைப்பிடமும் கேட்டிருந்தேன். பெயர் வேண்டாம். பதினொரு மாதம் கழித்து ஒளிநகல் எடுத்த காகிதத்தைப் படமாக அனுப்பினார்கள், அதிலும் இரண்டு பக்கம் தலைகீழாக. அதைக் கோடை விடுமுறையில் தட்டச்சு செய்து கொடுத்த இரண்டு பள்ளிப் பையன்களுக்கு அரை அரை பீட்சா தவிர நான் எதுவும் தரவில்லை. மன்னிக்கவும்.

தெருமுனைக் கடை ஊமுக்கு: மின்வெட்டு நேரங்களில் உங்கள் ஜெனரேட்டரில் ஒரு பிளக் எனக்கென்றே இருந்தது. ‘நோ-நோ’ என்றால் இதோ இப்போதே இல்லை, கொஞ்ச நேரத்தில் என்று சொல்லித் தந்ததும் நீங்கள்தான். அதை ஆங்கிலத்தில் ‘நவ் நவ்’ என்று மொழிபெயர்க்கிறதே, மாற்றட்டுமா என்று கேட்டதற்கு, “இந்த நாட்டு ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வோம், விடு” என்றீர்கள். விட்டுவிட்டேன். ஒரு கோப்பைத் தேநீர் ‘தேநீரின் சின்னத் தலை’ என்று வந்ததை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்ததும் நீங்கள்தான். கோப்பைக்கான சொல்லைச் சின்னத் தலை என்றும் பிரித்துப் படிக்கலாம், ஊம். அது இலக்கணப்படி தப்பில்லை!

இந்தக் காலத்தில் யார் விதி எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டவர்களுக்கும் கோபமில்லாமல் நன்றி. கோடிக்கணக்கான வாக்கியங்களைத் தின்று வளர்ந்த மென்பொருள்கள் ஆஃப்ரிகான்ஸை என்னுடையதைவிட நன்றாகவே பெயர்க்கின்றன. ஆனால் செவிலியரின் வாக்கியம் தப்பாக வந்தால் எந்த வரியில் தப்பு என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடியும். இணையம் இல்லாத பழைய மடிக்கணினியிலும் இது ஓடும்.

டன்னியிடம் ஒரு குறை பாக்கி இருக்கிறது. அவர் கேப் டவுனின் புறநகர்ப் பகுதியான கேப் ஃபிளாட்ஸில் பிறந்தவர். பள்ளியில் சொல்லிக் கொடுத்தது ஒரு ஆஃப்ரிகான்ஸ், வீட்டில் பேசுவது காப்ஸ். டச்சுக்காரர்கள் அடிமைகளாகக் கொண்டுவந்தவர்களும் சேர்ந்து உருட்டிய பேச்சு அது. அந்த அடிமைகளில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களும் உண்டு. இன்றும் குழம்புக்கு இங்கே ‘கெரி’ என்றுதான் பெயர். 2021இல் காப்ஸுக்கு மும்மொழி அகராதித் திட்டம் தொடங்கியபோது அவர் செய்தியைக் கத்தரித்து என் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார். ‘யெய்’ என்றால் நீ என்று என் அகராதிக்குத் தெரியும். அவர் அம்மா சொல்லும் ‘ஜெய்’க்கு நட்சத்திரம்தான் விழுகிறது. அவருடைய நோட்டுப் புத்தகத்தில் எனக்காக எழுதிவைத்த இருநூறு வாக்கியங்களில் 37ஆவது அது.

டன்னி, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். 37 இன்னும் சரியாகவில்லை. கூசிஸ்டருக்குத் தேங்காய் நான் துருவித் தருகிறேன்.